துடுப்புப் படகுகள் திரும்பி நின்ற இடம்

20.07.2025, ஞாயிறு
மாரண்டஹள்ளி பக்கம், நம் வீட்டு மோட்டார் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன். நீ நலமா, மாமா நலமா என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். இனி சண்டை.

நாலு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. வீட்டை விட்டுப் போகிற அன்று என் காதில், "ஒரே வருஷம் தர்ஷினி, உன்னையும் கூட்டிக்கறேன்" என்றாய். அப்போது நான் எட்டாம் வகுப்பு. இப்போது பன்னிரண்டு. உன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ரேஷன் கார்டிலிருந்துகூட உன் பெயரை அப்பா எடுத்துவிட்டார்.

இந்தக் கடிதம் உனக்கு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்னராஜ் மாமாவின் தங்கை ஜாஸ்மின் என் வகுப்புதான். அவளோடு பேசக்கூடாது என்று அப்பா உத்தரவு. பேசுகிறேன். நான் எழுதித் தருவதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் அம்மா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டு, தாளை அடுப்பில் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவர முடியாது. அதனால் நீ எழுதி அனுப்புவதை என் கணக்குப்பதிவியல் நோட்டின் பின்பக்கத்தில் அவளே பார்த்து எழுதித் தருவாள். அப்பா எந்த நோட்டைப் புரட்டினாலும் அந்த நோட்டைப் புரட்டமாட்டார்.

இரவு பத்தரைக்கு மேல்தான் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது. "நான் போட்டுட்டு வரேம்ப்பா, நீங்க படுங்க" என்று நானே அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்து முடிகிற வரை எழுதலாம். நாய் குரைத்தால் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை, எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். கண்ணம்மாள் அத்தையின் மகன் நவநீதனுக்கு. ஆமாம், உனக்கென்று பேசி வைத்திருந்த அதே நவநீதன் மாமாதான். ஜனவரியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. தை கடைசியில் கல்யாணம். பரீட்சை மார்ச்சில். "பூ வச்ச பொண்ணு பஸ் ஏறி பள்ளிக்கூடம் போறது எங்க வழக்கம் இல்ல" என்று அத்தை சொல்லிவிட்டார். ஆக, வெள்ளிக்கிழமையோடு என் படிப்பு முடிகிறது. பெரியவள் போன மாதிரி சின்னவளும் போய்விடக்கூடாது என்று அப்பாவுக்குப் பயம்.

நான் வரலாறு பிரிவு. தர்மபுரி அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பின்லாந்தில் நீ இருக்கிற கோட்கா எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் தேடினேன். உன் ஊர்க் கடலில் பெரிய சண்டை நடந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா? 1790 ஜூலை ஒன்பது. சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும். தீவுகளுக்கு நடுவே இருக்கிற குறுகலான ஜலசந்தி. சுவீடன்காரர்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் துடுப்புப் போடுகிற பீரங்கிப் படகுகள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. உன் ஜன்னலில் இருந்து அந்த இடம் தெரியுமா?

பதில் போடு. போடாவிட்டாலும் எழுதுவேன்.

உன் தங்கை,
தர்ஷினி


23.07.2025
கோட்கா, பின்லாந்து

என் செல்லத் தங்கை தர்ஷினிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ர் போடும்போது நீ இன்னும் அப்படியே வாலை இழுக்கிறாய். எழுதாதது என் தப்பு. காரணம் சொன்னால் நொண்டிச் சாக்காக இருக்கும். பிறகு சொல்கிறேன்.

இப்போது முக்கியமானதை மட்டும் கேள். நீ அங்கே இருக்கவே கூடாது. நானும் உன் மாமாவும் பேசிவிட்டோம். இந்த ஞாயிறு ஜாஸ்மின் அம்மா ஓசூருக்குத் திருமணத்துக்குப் போகிறார்கள். நீயும் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடு. ஓசூரில் என்னோடு வேலை பார்த்த காவியா என்கிற அக்கா உன்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போவாள். அங்கே விடுதி இருக்கிறது. தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் தப்பினேன். ஒரு ராத்திரி தைரியம் போதும், பிறகு எல்லாம் தானாக நடக்கும்.

கடலைப் பற்றிக் கேட்டாய். தங்கம், நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பார்த்தது முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளைத்தான். காலை ஏழுக்குப் போனால் மாலை. மாமாவுக்குத் துறைமுகத்தில் வெல்டிங் வேலை, அவர்தான் கடல் வாசனையோடு வருவார். என் ஜன்னலில் தெரிவது சைக்கிள் நிறுத்தம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையை விடு. உன் சண்டையைப் பார்.

ஞாயிறு. மறக்காதே.

அன்புடன்,
உன் அக்கா சசிகலா

(எழுதிக்கொடுத்தவள் ஜாஸ்மின்: அண்ணி, அடுத்த முறை சின்னதாக எழுதுங்கள். எக்கனாமிக்ஸ் பாடவேளை முழுவதும் போய்விட்டது. தர்ஷினி, எங்கம்மா பலகாரம் சுட்டுக்கொண்டு காத்திருக்கிறது.)


27.07.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை. ஜாஸ்மின் அம்மா நிறுத்தத்தில் என்னைத் தேடினார்களாம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கோபப்படாதே, காரணம் சொல்கிறேன். நீ "விடு" என்ற சண்டையிலிருந்தே சொல்கிறேன்.

அந்த ஜூலையில் சுவீடன் கப்பல்கள் எல்லாம் வீபோர்க் என்ற விரிகுடாவில் மாட்டிக்கொண்டன. ஒரு மாதம். வெளியே ரஷ்யக் கப்பல்கள் வாசலை அடைத்து நின்றன. உள்ளே குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் தேதி காற்று திரும்பியதும், வருவது வரட்டும் என்று முற்றுகையைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது எதிரியை எரிக்க ஒரு கப்பலுக்குத் தீ வைத்து அனுப்பினார்கள். அது தவறி அவர்களுடைய கப்பல்கள் மேலேயே மோதி இரண்டு கப்பல் வெடித்தது. பின்னால் வந்தவர்கள் புகையில் வழி தெரியாமல் பாறையில் ஏறினார்கள். தப்பியவர்கள் தப்பினார்கள். அது நீ போன மாதிரி, அக்கா. தப்பு என்று சொல்லவில்லை.

ஆனால் துடுப்புப் படகுகள் ஊருக்குப் போய்விடவில்லை. ஆறே நாளில் உன் ஜலசந்திக்குள் போய்த் திரும்பி நின்றுவிட்டன. அதே இடத்தில்தான் போன வருஷம் அடி வாங்கியிருந்தார்கள். அதே இடம்! எனக்கு அதுதான் ஆச்சரியம். தோற்ற இடத்தில் போய் நிற்க எவ்வளவு வேண்டும்?

ரஷ்யத் தளபதி, தங்கள் மகாராணி அரியணை ஏறிய நாள் என்று பார்த்து அன்றைக்கே தாக்கித் தோற்றார். நம்மவர்கள் முகூர்த்தம் பார்க்கிற மாதிரி. ஆட்கள் இரவெல்லாம் துடுப்புப் போட்டுக் களைத்திருந்தார்கள், காற்றும் அலையும் சரியில்லை. நாள் நன்றாக இருக்கிறதே, அது போதும் என்று நினைத்திருப்பார் போல.

நான் ஓடினால் என்ன ஆகும்? அம்மாவை யார் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு நடந்ததைப் பார்த்தவள் நான். அம்மா மூன்று மாதம் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. பரீட்சை நம்பர் இங்கே இருக்கிறது, ஜாஸ்மின் இங்கே இருக்கிறாள், நான் எதற்குப் போக வேண்டும்? நான் ஒரு தப்பும் செய்யவில்லையே.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பூ வைக்கும்போது நம் பங்காளிகளில் மூத்தவர் பெண்ணிடம் மூன்று முறை "சம்மதமா" என்று கேட்பார் இல்லையா? பெண் வாயைத் திறக்கமாட்டாள். தலையைக் குனிவாள். குனிந்தால் சம்மதம். மூன்றாவது குனிவுக்குப் பூ ஏறிவிடும். ஏழெட்டு நிச்சயத்துக்குப் போயிருக்கிறேன், ஒருத்திகூட பேசிப் பார்த்ததில்லை. கேட்கிறவரும் பதிலுக்காக நிற்பதில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பார்.

நான் குனியப் போவதில்லை. அவ்வளவுதான் யோசனை.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வாந்தி எடுத்தேன். வெயில் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அக்கா, ஒரு லீவு நாளில் அந்த ஜலசந்தியைப் போய்ப் பார். எவ்வளவு அகலம் என்று எனக்குச் சொல். எனக்காக இதுவரை ஒன்றும் செய்யவில்லை, இதையாவது செய்.

தர்ஷினி


03.08.2025
கோட்கா

அன்புத் தங்கை,

போனேன். உன்னால் போனேன்.

கோடையில் தீவுகளுக்குப் பயணிகள் படகு விடுகிறார்கள். இந்த ஊருக்கு வந்து முதல் முறையாக ஏறினேன். மாமா சிரித்தார், "தங்கச்சி சொன்னாதான் கடல் தெரியுதா" என்று. இங்கே அந்த இடத்தை ருவோட்சின்சால்மி என்கிறார்கள்.

குறுகல் என்றால் நம் ஏரிக்கரை மாதிரி இல்லை. அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பெரிய கப்பல் ஒரே நேரத்தில் வரிசையாக நுழைய முடியாது என்று படகுக்காரரிடம் கேட்டு மாமா சொன்னார். இரண்டு பக்கமும் தீவு. தீவு என்றால் மணல் இல்லை. வழுவழுவென்று செந்நிறப் பாறை, நம் ஊர்ப் பாறைக் கரட்டைத் தண்ணீரில் இறக்கி வைத்த மாதிரி, மேலே பைன் மரம். படகு நின்றபோது குனிந்து தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை தர்ஷினி! நம் கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு கடல் என்னை இப்படி ஏமாற்றும் என்று நினைக்கவில்லை.

பிறகு அருங்காட்சியகத்துக்கும் போனோம். மூழ்கிய ரஷ்யக் கப்பல் ஒன்று இன்னும் அடியில் கிடக்கிறதாம். அதிலிருந்து எடுத்த சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அன்றாடம் புழங்கியவை. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பிட முடியவில்லை. ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறார்கள். பாதிப்பேர் குண்டடி பட்டுச் சாகவில்லை, முழுகிச் செத்தார்கள். துடுப்புப் போட வந்தவர்கள் குடியானவர்கள் தர்ஷினி, நம்மைப் போல.

இன்னொன்றும் படித்தேன். அடுத்த மாதமே சமாதானம் ஆகிவிட்டது. எல்லைக்கோடு சண்டைக்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயே. ஒரு அடிகூட நகரவில்லை. இத்தனை பேர் செத்து, ஒரு அடி நகரவில்லை. அதற்குத்தான் சொல்கிறேன். அப்பாவின் கோபம் உனக்குத் தெரியாது. கூட்டத்தில் அவர் தலை குனிந்தால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. வேறு வழி பார்ப்போம்.

அத்தை வீட்டுக்கு வந்து போகிறார்களா? என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா? சொன்னால் எனக்கு எழுது.

உன் அக்கா


08.08.2025, வெள்ளி

அக்கா,

வேகமாக எழுதுகிறேன். அப்பா இன்று விழித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் எல்லைக்கோடு. நீ எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் யாருடைய நிலத்தையும் பிடிக்கப் போகவில்லை. என் எல்லை இன்றைக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருந்தால் போதும். ஒரு அடி நகரக்கூடாது, அதுதான் எனக்கு வேண்டும்.

ஜாஸ்மின் அம்மா போனில் இருந்து குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். அவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் என்றால் உடனே வருவோம் என்றார்கள். ஆனால் தேதி பதினெட்டு முடிந்த பிறகு இருக்கிறதே. பெற்றோரிடம் வந்து பேசட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இப்போது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுதேன். பயந்துவிட்டேன் அக்கா, ஒப்புக்கொள்கிறேன்.

இன்று அத்தை வந்தார். புடவை நிறம் காட்ட. என் தாடையைப் பிடித்து, "ஏம்மே, மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க? எம்மவன் என்ன குறைஞ்சவனா? சொந்தமா வண்டி வச்சு தக்காளி லோடு அடிக்கறான்" என்றார். அம்மா காபி எடுக்க உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்: "நீ மூஞ்சிய தூக்கி என்ன ஆவப் போவுது? உங்கக்கா வாயாலயே சொன்னதுதான இது. அவகிட்டயே கேளு, எங்க இருக்காளோ."

என்ன சொன்னாய் அக்கா?

நீ போன கடிதத்தில் அத்தையைப் பற்றி ஏன் கேட்டாய்?

தர்ஷினி


12.08.2025
கோட்கா

தர்ஷினி,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஜாஸ்மின், இதை அப்படியே எழுதிக் கொடு. ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே.

நான் போவதற்கு முந்தின நாள், மாரண்டஹள்ளி பஸ் நிலையத்தில் அத்தை என்னையும் சின்னராஜையும் பார்த்துவிட்டார். என்னைத் தனியாக இழுத்துப் போனார். "இப்பவே எந்தம்பிகிட்ட சொல்றன்" என்றார். சொல்லியிருந்தால் அன்று இரவே எனக்குப் பூட்டு. சின்னராஜை என்ன செய்திருப்பார்களோ. நான் காலைப் பிடித்தேன். "உங்களுக்கு மருமகதான அத்தை வேணும்? தர்ஷினி வளந்துட்டு வர்றா. அவள எடுத்துக்குங்க. நான் குறுக்க வரமாட்டன், அவகிட்ட பேசக்கூட மாட்டன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

"கையடிச்சுக் குடு" என்றார். தக்காளி மண்டியில் பேரம் முடிப்பது போல அவர் உள்ளங்கையில் என் கையை அடித்துக் கொடுத்தேன். அத்தை வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நான் போய்விட்டேன். உனக்குப் பதின்மூன்று வயது.

நாலு வருஷம் நான் உனக்கு எழுதாததற்குக் காரணம் அதுதான். வாக்கைக் காப்பாற்றினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரே வருஷத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று உன் காதில் சொன்னபோது, அதற்கு முந்தைய மாலையே உன்னைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

எரிகிற கப்பலைப் பற்றி நீ எழுதியதை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ அதைச் சும்மா எழுதினாய். எனக்கு அது சும்மா இல்லை.

நீ ஓடிவந்துவிட்டால் என் வாக்கும் கடனும் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். அதனால்தான் பஸ், ஓசூர், பெங்களூர் என்றெல்லாம் அவசரப்படுத்தினேன். உன் நல்லதற்கு மட்டும் இல்லை.

சசிகலா


21.08.2025, வியாழன்

அக்கா,

ஒன்பது நாள் எழுதவில்லை. ஜாஸ்மின் அதை எழுதிக்கொடுக்கும்போது அழுதிருக்கிறாள், மை கலங்கியிருக்கிறது. கடைசியில் வழக்கமாக ஏதாவது கிறுக்குவாள். இந்த முறை ஒன்றும் இல்லை.

நான் உன் சொத்து இல்லை. நீ கொடுத்தது உன்னுடையது இல்லை. மாட்டை விற்கிறவன்கூட மாட்டை அழைத்துப் போய்க் காட்டுவான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடிக்கொண்டிருந்தேன்.

மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

இனி எனக்கு வழி சொல்லாதே. நீ வாக்கைத் திரும்ப வாங்க வேண்டாம். உன்னால் வாங்கவும் முடியாது. இன்னும் எட்டு நாள். தினமும் நான் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை நேராக வைத்துப் பழகுகிறேன். கழுத்து வலிக்கிறது. பயமும் இருக்கிறது. பயம் இருந்தால் என்ன, அந்தப் படகுகளில் இருந்தவர்களுக்கும் இருந்திருக்கும். பீரங்கி படகின் முனையில் இருந்தது, பயம் படகு முழுக்க இருந்திருக்கும்.

தர்ஷினி


27.08.2025
கோட்கா

தர்ஷினி,

வழி சொல்லவில்லை. ஒன்றே ஒன்று தெரிவிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிடுவேன். எடுத்தால், அத்தையிடம் பேசியதை அவரிடம் சொல்லிவிடுவேன். உனக்காக இல்லை என்று வைத்துக்கொள். எனக்காக.

சசிகலா

(ஜாஸ்மின்: நானும் அம்மாவும் அன்றைக்கு வீட்டில்தான் இருப்போம். கதவு திறந்திருக்கும்.)


31.08.2025, ஞாயிறு, காலை பத்து மணி
நம் வீட்டு வாசல்

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெம்போவில் வந்தார்கள். இருபது பேர் இருக்கும். தட்டுகளைக் கூடத்தில் வைத்ததும் நிற்க இடம் இல்லை. ஆண்கள் பாதிப்பேர் வாசலில். நவநீதன் மாமா புதுச் சட்டையில் சுவரோரம் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அத்தை எடுத்த மாம்பழ நிறப் புடவையில் சுற்றி நடுவில் உட்கார வைத்தார்கள்.

அப்பாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டு நம்பரைப் பார்த்ததும் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். கட் செய்தார். மறுபடி அடித்தது. மறுபடி கட். நாலாவது முறை, "எவண்டா அவன் விடாம அடிக்கறான், கஸ்டமர் கேரா?" என்று ராஜா பெரியப்பா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அப்பா போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். ஆக, நீ சொல்ல வந்தது உள்ளே வரவில்லை.

பங்காளிகளில் மூத்தவர் ராஜா பெரியப்பாதான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "புள்ள, சம்மதமா?" என்றார்.

நான் நேராக அவரைப் பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அத்தைதான், "கொஞ்சம் பயப்படறா புள்ள, அடுத்தது கேளுங்க" என்றார்.

"சம்மதமா?"

குனியவில்லை. யாரோ கிசுகிசுத்தார்கள். அம்மா பின்னால் இருந்து வந்து என் பிடரியில் கையை வைத்தார். இப்போது அழுத்திவிடுவார் என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அக்கா, அம்மா அழுத்தவில்லை. கை அங்கேயே இருந்தது. சூடாக. அழுத்தவே இல்லை.

பெரியப்பா இந்த முறை வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, சம்மதந்தான?"

"இல்லைங்க பெரியப்பா" என்றேன். சத்தம் வராது என்று பயந்திருந்தேன். வாசல் வரை கேட்டது. "எனக்குச் சம்மதம் இல்லைங்க. நான் பரீட்சை எழுதணும். அதுக்கு மேலயும் படிக்கணும்."

அப்பா எழுந்து வந்தார். அடி விழுந்தது. ஒரே அடி, காதோடு. அதற்குள் அத்தை கத்த ஆரம்பித்துவிட்டார். "இன்னிக்கு நேத்து பேசுன பேச்சா இது? பெரியவ எங்கையில அடிச்சுக் குடுத்த வாக்கு! தங்கச்சிய எடுத்துக்கன்னு அவளே குடுத்தா!"

"அக்கா அடிச்சுக் குடுத்தது அவங்க கையத்தான் அத்தை. என் கைய இல்லைங்க" என்றேன்.

அப்பா என்னை விட்டுவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"எப்பக் குடுத்தா?"

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"உன்னத்தான் கேக்கறன். எப்பக் குடுத்தா உனக்கு?"

"அது... அவ போறதுக்கு முந்துன நாளு..."

"அப்ப அவ போறது உனக்குத் தெரியும்." அப்பாவின் குரல் அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை. "நாலு வருசமா எம் பக்கத்துல உக்காந்து அழுத. எப்படி போனான்னு தெரியலியேன்னு எங்கூட சேந்து தேடுன. ஓசூரு வரைக்கும் எங்கூட பஸ்சுல வந்தியேக்கா."

அத்தை என்னென்னவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. தட்டுகளில் ஒன்றை எடுத்து அவரே வாசலில் கொண்டுபோய் வைத்தார். பிறகு இன்னொன்று. அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

நவநீதன் மாமா செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஏங்க மாமா, ரெண்டாவது தடவையா இந்த வூட்டுல எனக்கு இல்லைன்னுட்டாங்க. மூணாவதா பொண்ணு எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா நான் லோடு ஏத்தப் போறன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லா எழுது பரீட்சைய" என்றார். கோபமா, கேலியா, எதுவென்று தெரியவில்லை.

இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அப்பா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அத்தையோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. நேற்று காலை சீருடை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன், சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. தடுப்பார் என்று வாசலில் நின்றேன். தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தடுக்கவும் இல்லை. நான் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

வெள்ளி இரவே மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அதனால் இதைப் பகலில் எழுதுகிறேன். வாசலில், எல்லாருக்கும் தெரிய. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறார். "யாருக்கு எழுதற?" என்று கேட்டார். "அக்காவுக்கு" என்றேன். இன்னொரு காயை எடுத்து நார் உரித்தார். பிறகு, "அங்க குளிரு ஜாஸ்தியாமே, கேளு அவள" என்றார். கேட்டுவிட்டேன். பதில் எழுது, அம்மாவுக்கு.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகும் என்று நினைக்கிறேன், இப்போது ஆகவில்லை. ஆனால் நாலு முறை கூப்பிட்டாயே. அப்பா முகத்தை நான் பார்த்தேன். நம்பரைப் படித்த பிறகுதான் கட் செய்தார்.

இனி ஜாஸ்மினுக்கு அனுப்பாதே. பாவம், அவள் கை ஓய்ந்துவிட்டது. தபாலில் போடு. என் பெயர் முழுதாக எழுது, ம. பிரியதர்ஷினி, த/பெ மாரியப்பன், நம் வீட்டு முகவரி. உன் பெயரையும் பின்பக்கம் தெளிவாக எழுது. தபால்காரர் அப்பாவின் கையில்தான் கொடுப்பார்.

கொடுக்கட்டும்.

உன் தங்கை,
ம. பிரியதர்ஷினி